மாரிக்கு வைத்த பற்றரிகள்

நான் அடம்பன்காரி. வயல் வீட்டில் பிறந்தவள். எங்களுக்கு மாரி மழை என்றால் இருக்க நேரமில்லாத காலம். உழவு, விதைப்பு, களை, மாடு என்று ஆளுக்கு இரண்டு கை போதாது. மன்னார்த் தீவுக்குக் கலியாணம் முடித்து வந்த முதல் வருடம்தான், மாரியில் ஆண்கள் பகலிலேயே பாயில் கிடப்பதைக் கண்டேன். ஏதோ வருத்தமாக்கும் என்று நினைத்து என் கணவருக்கு மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

வாடைக் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்து வடகடல் கலங்கிவிடும். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து ஏற்றுவார்கள். இயந்திரம் கழன்று வீட்டுக்கு வரும், வலை வரும், கடைசியாகப் பற்றரிகள் வரும். எங்கள் வள்ளத்துக்கு இரண்டு. ஒன்று விளக்குக்கு, மற்றது வழி காட்டும் ஜீ.பி.எஸ் பெட்டிக்கு. தை பிறந்து காற்றுத் தணியும்வரை இரண்டும் மாதா படம் வைத்த மேசைக்குக் கீழே ஒரு பலகையில் இருக்கும். சீமெந்து நிலத்தில் வைத்தால் நிலம் சார்ஜைக் குடித்துவிடும் என்பது இங்கே ஆண்களின் வேதவாக்கு. உண்மையோ பொய்யோ, நான் குந்தியிருந்து மீன் வெட்டுகிற பலகைதான் அதற்குப் போனது.

வைத்தால் வைத்தபடி கிடக்கிற சாமான் அல்ல பற்றரி. சும்மா விட்டால் செத்துப்போகும். உள்ளே தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும், இடையிடையே சார்ஜ் போட வேண்டும். அப்போது எங்களுக்கு ஒரு கைப்பிள்ளை இருந்தது. அதைக் கொஞ்சம் தூக்கச் சொன்னால் இவர் ஆயிரம் சாட்டுச் சொல்வார். பற்றரியை மட்டும் நாள் தவறாமல் குனிந்து பார்ப்பார். நான் வாய் சும்மா இருக்கிறவள் இல்லை. "பால் குடிச்சிட்டாமோ?" என்று கேட்பேன்.

காற்று மாறும்போது தென்கடல் கரைக்கு வாடியை, மீன்பிடிக் குடிசையை, மாற்றிக்கொண்டு போகிறவர்கள் போவார்கள். எங்கள் வீட்டில் அது கிடையாது. மாரியில் கடலில் இறங்கக்கூடாது என்பது என் மாமி, இவருடைய தாய், போட்ட சட்டம். மாமா மாரியில்தான் போனவர். அந்தக் காலத்தில் வள்ளத்தில் அரிக்கன் விளக்கு. காற்றுக்கு விளக்கு நூர்ந்து அணைந்துபோக, இருட்டில் வந்த பெரிய இழுவைப் படகு ஒன்று வள்ளத்தின் மேல் ஏறிவிட்டது. கூடப் போனவர் ஒரு பலகையைப் பிடித்துத் தப்பி வந்து இதைச் சொன்னார். மாமா வரவில்லை. அன்றிலிருந்து மாமிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான், விளக்கு நூர்வது. இவரும் இவருடைய தம்பியும் ஒரே வள்ளத்தில் போகிறவர்கள். தன்னுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரு விளக்கை நம்பிக் கடலில் நிற்கிறார்கள் என்று மாமி அடிக்கடி சொல்வார்.

பற்றரிகளுக்குப் பொறுப்பு ஒரு முஸ்லிம் மனிதர். முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் "நானா" என்றுதான் இங்கே கூப்பிடுவோம். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் கரை முழுக்க அவர் பற்றரி நானாதான். மன்னார்ப் பட்டினத்தில் சின்னதாய் ஒரு சார்ஜ் கடை வைத்திருந்தார். மாரி தொடங்கியதும் எல்லார் பற்றரிகளையும் கடைக்கு எடுத்துப்போய்த் துடைத்து, சார்ஜ் ஏற்றி, வீட்டுக்கு ஒரு நிறமாய்ப் பெயின்ற் புள்ளி வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து தருவார். பிறகு மாரி முடியும்வரை பழைய மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வருவார். மூடிகளைத் திருகி எடுத்து ரோச் அடித்துப் பார்ப்பார். மிதவை போட்ட ஒரு கண்ணாடிக் குழாயால் உள்ளே இருக்கிற அசிட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். மட்டம் குறைந்திருந்தால் தன் போத்தலில் இருந்து பற்றரித் தண்ணீர் விடுவார். இதற்கென்று மாரியில் அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை. காற்று மாறி முதல் வலை ஏறுகிற நாளில் நல்ல மீன் ஒன்று அவருடைய வீட்டுக்குப் போகும். அதுதான் வழக்கம்.

மாமாவும் அவரும் கூட்டாளிகள். அரிக்கனை விட்டுவிட்டுப் பற்றரி விளக்குப் பூட்டு என்று மாமாவிடம் அவர் கெஞ்சினாராம். "வாற வருசம் பாப்பம்" என்றாராம் மாமா. அந்த வருடத்துக்கு மாமா இருக்கவில்லை. அதனாலோ என்னவோ, மற்ற வீடுகளில் நின்றபடி பார்த்துவிட்டுப் போகிறவர் எங்கள் வீட்டில் மட்டும் முழங்காலில் இருந்து பார்ப்பார். மாமி அவருக்கென்று ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் சர்க்கரையும் கொடுப்பார். "தம்பி, விளக்கு நூராது தானே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "நூராது அக்கா, நான் இருக்கிறன்" என்று அவரும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

இனி மாமியின் தண்ணீர்ப் போத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடு மாதா கோயிலுக்குப் போய்வரும்போது எல்லாரும் தீர்த்தம் கொண்டுவருவோம். மாமியின் போத்தல் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் ஒரு துளி, வள்ளம் இறக்கினால் முன் அணியத்தில் ஒரு கை, வலைக்கு, இயந்திரத்துக்கு, வாசலுக்கு. அந்தப் போத்தல் வெறுமையாகி நான் கண்டதில்லை. குறையக் குறைய மாமி எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவார். கொஞ்சம் தீர்த்தம் கிடந்தால் ஊற்றுகிற தண்ணீரும் தீர்த்தமாகிவிடும் என்பது இங்கே கனபேர் செய்கிற வழக்கம். எங்கள் கிணறோ நல்ல உவர். தேத்தண்ணீர் போட்டால் கரிக்கும். தீர்த்தம் மந்திரிக்கும்போது சுவாமியார் போடுகிற உப்பு ஒரு சிட்டிகைதான். மற்றதெல்லாம் எங்கள் கிணற்றின் கைங்கரியம்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து விளையாட எனக்கு விருப்பமில்லை. ஒரு மாரியில் மாமி அந்தத் தண்ணீரைப் பற்றரிக்குள் விட்டார். வள்ளத்துக்கு வெளியே தெளித்தால் போதும், விளக்குக்கு உயிர் பற்றரிக்குள்ளேதானே இருக்கிறது, அதற்கு உள்ளேதான் விட வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. நானா மூடி திறக்கிறதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் பழகியிருந்தது. நான் குசினியில் நிற்கிற நேரம், செபமாலை முடித்த கையோடு, துவாரத்துக்கு ஒரு தேக்கரண்டி. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நானா வந்து பார்த்துப் போன பிறகு அந்த மாரி முடியும்வரை. பற்றரிக்குள் உப்புத் தண்ணீர் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்போது நாங்கள் யாரும் அவர் செய்வதைக் காணவுமில்லை.

அந்த மாரிதான் நானா கடைசி முறை வரவில்லை. புத்தளத்தில் மகளுக்குக் கலியாணம். சண்டைக் காலத்தில் அங்கே போய் இருந்த அவருடைய சொந்தங்கள் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். தை பிறந்து காற்றுத் தணிந்ததும் இவருடைய தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானா வரட்டும் என்று மாமி சொன்னதையும் கேட்காமல், யாரிடமோ சார்ஜர் இரவல் வாங்கி வந்து வீட்டிலேயே பற்றரிகளுக்குச் சார்ஜ் போட்டார். வீடு முழுக்க ஒரு வாசம் எழும்பியது, கிணற்றுக்குக் குளோரின் மருந்து போட்டால் வருமே, அந்த வாசம். மழை முடிந்து சுகாதாரக்காரர் கிணறுகளுக்கு மருந்து போட்டுத் திரிந்த நாட்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வள்ளம் பின்னேரம் இறங்கியது. விடிந்ததும் வர வேண்டியவர்கள் வரவில்லை. மற்ற வள்ளங்கள் வந்து மீன் ஏலமும் முடிந்துவிட்டது. மாமி கரையில் மணலில் இருந்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மாமி அழவில்லை, செபமாலையும் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி, "இவங்களையும் கூப்பிடாத, இவங்களையும் கூப்பிடாத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டி வேறொரு வள்ளம் எங்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். விளக்குக் கொஞ்ச நேரத்திலேயே மங்கி நூர்ந்துவிட்டதாம், பெட்டியும் இருண்டுவிட்டதாம். இழுவைப் படகுகள் பக்கத்தில் போவது காதில் கேட்கிறது, தாங்கள் நிற்பதை அவற்றுக்குக் காட்ட வழியில்லை. ஒன்று வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். அதிலிருந்து தப்ப ஓடியதில் எண்ணெயும் முடிந்து, திசையும் தெரியாமல் போய்விட்டது.

இவர் குளிக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை. இரண்டு பற்றரிகளையும் தூக்கி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் போட்டார். கரையில் நின்ற பாதிப்பேர் கூட ஏறினார்கள். மறிக்கலாம் என்று நானும் ஏறினேன். நானா புத்தளத்தில் இருந்து வந்து அன்றுதான் கடை திறந்திருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு எழுந்து, கலியாணப் பலகாரப் பெட்டியை எடுக்கப் போனார். இவர் பற்றரியைக் கடை வாசலில் தொப்பென்று வைத்தார்.

"நல்ல பற்றரியை எடுத்துப்போட்டு வேற ஆரின்ரையோ செத்த பற்றரிக்கு எங்கட புள்ளியை வைச்சுத் தந்திட்டாய், என்ன?"

அதுவரை அவரை "நீங்கள்" என்று தவிர வேறு மாதிரி இவர் கூப்பிட்டதில்லை. நானாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அவர் மூடிகளைத் திருகினார், உள்ளே பார்த்தார், குழாயால் எடுத்துப் பார்த்தார். பிறகு வயரைப் பூட்டிச் சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதே வாசம் எழும்பியது. பட்டினத்துக் கிணறுகளுக்கும் மருந்து போட்டிருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். வயல்காரியின் புத்தி அவ்வளவுதான்.

"தம்பி, வீட்டில ஆரும் மூடியைத் திறந்தவையோ?" என்று நானா கேட்டார்.

"எங்கட வீட்டில ஆர் உதைத் தொடுறது? அம்மா மட்டும்தான் பக்கத்தில இருந்து செபமாலை சொல்லுறவ. இனி அவ கெடுத்தவ எண்டு சொல்லு, பாப்பம்!"

நானா இவருடைய முகத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லார் கழுத்திலும் மாதாவின் சுரூபப் பதக்கம் தொங்கியது. என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு வயரைக் கழற்றி, மூடிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"என்ர பிழையாத்தான் இருக்கும், தம்பி. கோவிக்காத. ரெண்டு புதுசு தாறன், கொண்டு போ."

கொண்டுவந்தோம். "பாத்தியே, ஒத்துக்கொண்டிட்டான்" என்று லான்ட்மாஸ்டரில் வரும்போது ஒருவர் சொன்னார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அடுத்த மாரிக்குள், நானா எத்தனையோ வருடமாகப் பற்றரி மாற்றி மாற்றித்தான் பிழைத்தார் என்று கதை வளர்ந்துவிட்டது. எங்கள் கரையில் ஒருவரும் அவருடைய கடைக்குப் போகவில்லை. வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். முதல் வலை மீன் அவருடைய வீட்டுக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் எங்கள் ஒழுங்கையில் கேட்பது நின்றது. நானும் அவரைக் கள்ளன் என்றுதான் நினைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் மனுசனைச் சாகக் கொடுத்திருப்பானே என்று வாய்விட்டுத் திட்டியும் இருக்கிறேன்.

அடுத்த மாரியில் ஒரு காலை. சோறு அடுப்பில் இருந்தது. பிள்ளை எங்கே ஓடுகிறது என்று பார்க்க உள்ளே வந்தேன். மாமி மேசைக்குக் கீழே குனிந்து, ஒரு கையில் தேக்கரண்டியும் மறு கையில் மடுப் போத்தலுமாக இருந்தார்.

"மாமி, என்ன செய்யிறீங்கள்?"

"ஏன் பிள்ளை கத்துறாய்? மடுத் தண்ணி. போன மாரியும் விட்டனான்."

"போன மாரியுமோ?"

"ஓம். அந்த மனிசன் ஏமாத்தித் தந்த பற்றரியோட போயும் ரெண்டு பேரும் உயிரோட வந்தவங்கள் எண்டால், சும்மாவே வந்தவங்கள்? இந்தத் தண்ணிதான் கொண்டுவந்து விட்டது."

சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் நன்றி. எனக்கு அந்த வாசம் நினைவுக்கு வந்தது. வீட்டில் வந்த வாசம், கடை வாசலில் வந்த வாசம், நானா என்னைப் பார்த்த பார்வை, எல்லாம் ஒன்றாக வந்தன. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எங்கள் வீட்டு மேசைக்குக் கீழே இருக்கும் என்று நினைக்கவில்லை.

இவர் வந்ததும் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். இவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் குந்தினார். அடுத்த நாள் இரண்டு பேரும் நானாவின் வீட்டுக்குப் போனோம். நானா கதவைத் திறந்ததும் இவர் உள்ளே காலெடுத்து வைக்காமல், "நானா, அது அம்மா விட்ட தண்ணி" என்றார்.

"தெரியும் தம்பி, உள்ள வா" என்றார் நானா. "அண்டைக்கே தெரியும். உப்புத் தண்ணி போனால் சார்ஜ் போடேக்க அப்பிடித்தான் மணக்கும். அம்மாதான் பக்கத்தில இருக்கிறவ எண்டு நீ சொன்னாய். அவவின்ர போத்தலை நான் காணாததே?"

"அப்ப ஏன் சொல்லேல்ல?" என்று நான் கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"எப்பிடித் தங்கச்சி சொல்லுறது? மடுத் தண்ணியாலதான் பற்றரி பழுதாப் போச்செண்டு, நான், அத்தனை பேருக்கு முன்னால, இந்த வாயால? கள்ளன் எண்டு பேர் வந்தால் எனக்கு மட்டும்தான். மற்றதைச் சொன்னால் எங்கட ஊருக்கும் உங்கட ஊருக்கும் சண்டை வரும்." பிறகு, "அதையும் விடு. அந்த மனிசி விளக்கு நூரக்கூடாதெண்டு விட்டவ. அவவாலதான் நூந்தது எண்டு கேட்டால் பிறகு உயிரோட இருப்பாவே?" என்றார்.

நானாவின் மனைவி உள் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை.

இவர் கரையில் எல்லாருக்கும் சொல்லப்போவதாக எழும்பினார். நானா கையைப் பிடித்து இருத்தினார். சொன்னால் அன்று மாலையே மாமியின் காதுக்குப் போய்விடும் என்றார். "அவ இருக்குமட்டும் வேண்டாம். பிறகு நீ விரும்பினால் கோயில் மணி அடிச்சுச் சொல்லு" என்று சிரித்தார். அவர் மாமியை விட வயதில் இளையவர். காலம் இருக்கிறது என்று நாங்களும் நினைத்தோம்.

மாமி தண்ணீர் விடுவதை என்ன செய்வது? அதற்கும் வழி சொன்னவர் நானாதான். கடையில் கிடந்த செத்த பற்றரிகளில் இரண்டைத் துடைத்து, எங்கள் புள்ளியை வைத்துத் தந்தார். அவற்றைக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தோம். நல்ல பற்றரிகள் மாரி முழுக்க அவருடைய கடையில் இருந்தன. கரையில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "சூடு கண்ட பூனை திரும்பவும் அடுப்படிக்குப் போகுது" என்று ஒருவர் இவருடைய முகத்துக்கு நேரே சொன்னார். நானாவில் பிழையில்லை என்று இவர் சொல்வார். எப்படி என்று கேட்டால் வலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். காரணம் சொல்லாத நற்சான்றிதழை யார் நம்புவார்கள்?

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நானா வந்து பார்க்காவிட்டால் மாமிக்குச் சந்தேகம் வரும். அதனால் அவர் மாரியில் திரும்பவும் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரத் தொடங்கினார். முழங்காலில் இருந்து, செத்த பற்றரியின் மூடியைத் திருகி, மடுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் நிறைந்த அந்தப் பெட்டியைக் கண்ணாடிக் குழாயால் அளந்து பார்ப்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆனால் மாமி முந்தின மாமி இல்லை. கதிரை துடைத்துப் போடுவதில்லை. பிளேன்ரீ கொடுப்பதென்றால் நான்தான் கொடுப்பேன். மாமி பக்கத்தில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொரு தரம் மாற்றிவிடுவாரோ என்று. "விளக்கு நூராது தானே?" என்று கேட்கிற குரலில் முன்பு இருந்த உருக்கம் போய், அதட்டல் வந்துவிட்டது.

"நூராது அக்கா" என்று நானா சொல்வார். "நான் இருக்கிறன்" என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

எத்தனை மாரி இப்படிப் போனது. ஒவ்வொரு முறையும் அவர் மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பிக்கொண்டு போகும்போது, மாமியிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வாய்வரை வரும். மாதா படத்துக்கு முன்னால் மாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறதைப் பார்த்தால் அது திரும்ப உள்ளே போய்விடும். ஒரு கிழவியின் நிம்மதிக்கு ஒரு மனிதனின் மானத்தை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொடுத்தவர் அவர், வாங்கித் தின்றவர்கள் நாங்கள்.

நானா போட்ட கணக்குப் பிழையாய்ப் போனது. மாமிக்கு முன்னால் அவர் போய்விட்டார். காலையில் கடை திறக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம், அவ்வளவுதான். மாமி அதற்குப் பிறகும் சில மாரி இருந்தார். மாமியை அடக்கம் செய்த பிறகு இவர் கரைக்குப் போய், கூடியிருந்தவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். அன்று லான்ட்மாஸ்டரில் வந்தவர்களில் பாதிப்பேர் கரையில் இல்லை. இருந்தவர்களில் ஒருவர், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, இப்ப ஏன் அதை?" என்றார். இன்னொருவர், "செத்த தாய்க்கு மேல பழி போடுறியே, நீயும் ஒரு பிள்ளையோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார்.

அதையும் ஒருவாறு தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அதற்கு முன்னால், நானா செத்த அன்று, அவருடைய மையத்து வீட்டில் நடந்தது. எங்கள் கரையில் இருந்து போனவர்கள் நாங்கள் மட்டும்தான். இவர் வெளியே ஆண்களோடு நின்றார். நான் பெண்கள் இருந்த அறைக்குள் போக வேண்டும். மாமி தானும் வரவேண்டும் என்று பிடிவாதமாக வந்திருந்தார். நடக்க ஏலாத மனிசி. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "எனக்கு அங்க ஒரு அலுவல் இருக்கு" என்றார். என்ன அலுவல் என்று சொல்லவில்லை.

நானாவின் மனைவி பாயில் இருந்தார். பக்கத்தில் மகள், புத்தளத்தில் கலியாணம் செய்து கொடுத்த அதே மகள். மாமி மெல்லக் குந்தி, நானாவின் மனைவியின் இரண்டு கையையும் பிடித்தார்.

"தங்கச்சி, அந்தப் பற்றரி விசயத்தில உங்கட மனிசன் செய்ததை நான் எப்பவோ மன்னிச்சிட்டன். இதைச் சொல்லத்தான் வந்தனான். ஒவ்வொரு நாளும் என்ர பிள்ளையளுக்குச் செபிக்கேக்க அவருக்கும் சேத்துத்தான் செபிச்சனான். ஆண்டவர் அவரைத் தண்டிக்க மாட்டார். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

மகள் விருட்டென்று நிமிர்ந்து மாமியைப் பார்த்து, "ஆர் ஆரை மன்னிக்கிறது..." என்று தொடங்கினாள். தாய் ஒரு கையை விடுவித்து மகளின் மடியில் அழுத்தி வைத்தார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். நானாவின் மனைவி என்னைப் பார்த்தார். சொல்லடி, இப்போதாவது சொல்லடி என்று அந்தப் பார்வை கேட்டதா, சொல்லாதே என்று கேட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓம் அக்கா" என்றார் அவர். "நீங்கள் மன்னிச்சதே போதும்."

மாமியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து ஓட்டோவில் ஏற்றினேன். கொஞ்சத் தூரம் போனதும் மாமி என் தோளில் சாய்ந்துகொண்டு, "இப்பதான் பிள்ளை எனக்கு மனம் ஆறினது" என்றார்.

"ஓம் மாமி" என்றேன்.